கேட்காமல் மூட்டிய அடுப்பு

1

ரங்கூனில் மழைக்காலம் வந்துவிட்டால் நனையாத பொருள் என்று வீட்டில் ஒன்றும் இருக்காது. துவைத்த வேட்டி நனையும், பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டியும் நனையும். உப்பு கரையும், பஞ்சாங்கம் உப்பும். இன்று காலை தீப்பெட்டியின் முறை. மங்களம் ஒவ்வொரு குச்சியாகக் கிழித்துப் பார்த்தாள். மருந்துதான் உதிர்ந்தது, பொறி வரவில்லை.

"சரசு, கீழே போய் மா சேன்கிட்ட ரெண்டு தணல் வாங்கிட்டு வா" என்றாள்.

மங்களம் என் மனைவி. சரசு எங்கள் மகள். மா சேன் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பலகாரம் சுட்டு விற்கும் பர்மாக்காரி. விடியும் முன்பே அவள் அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும், அதன் புகை மூன்றாவது மாடியிலிருக்கும் எங்களுக்குத்தான் வரும்.

"பொறு. கடை தெறக்கட்டும். நான் போய்ப் புதுப்பெட்டி வாங்கிட்டு வரேன்" என்றேன்.

"ரெண்டு தணலுக்காகவா டீ இல்லாம உக்காந்திருக்கணும்?" என்று கேட்க வாயெடுத்த மங்களம், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். சரசுவுக்குத் தெரியாது. அவள் தன் அண்ணனைப் பார்த்து, அப்பாவுக்குப் பைத்தியமா என்று பர்மிய மொழியில் கேட்டாள். வீட்டில் ரகசியம் பேசப் பிள்ளைகள் இருவரும் அந்த மொழியைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நன்றாகவே புரியும். புரியாதது போல உட்கார்ந்திருப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

இதைப் படிக்கிற அம்பத்தூர்க்காரர்களே, கள்ளிக்குப்பம் போகும் வழியில், பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் சொந்தக்காரன் நான். வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் ஒரே ஒரு தடவை சமைத்திருக்கிறேன். அந்தச் சமையல்தான் இன்று காலை இங்கே டீயை நிறுத்தி வைத்தது.

2

ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. அக்கரையிலிருந்து எழுதுகிறவர்கள் பலபேர் ஏரிக் காற்று, கோயில் மணி என்று எழுதுகிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ஏரிக்கரைக் கொசுவும் பங்காளிச் சண்டையும்தான். அப்பா போன பிறகு நிலம் பாகமாகி, என் பாகம் கையில் நிற்காமல் போய், நான் கப்பலேறியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆனால் மனுஷனுக்கு வயது ஏறுகிறது. நான் வேலை பார்க்கும் மரக்கிடங்கில் புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கலா' என்கிறார். வைவதாக எண்ணிச் சொல்வதில்லை. இந்தியர்களுக்கு இங்கே அதுதான் பெயர். கப்பலை விட்டு இறங்கிய அன்று யாரோ அப்படிக் கூப்பிட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காதவன்தான் நான். இப்போது ஏனோ ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை. வரிக் கச்சேரிக்குப் போனால் குமாஸ்தா "எந்த ஊர்?" என்று கேட்பார். அம்பத்தூர் என்பேன். அதை எழுத அவருக்கு வராது. 'மதராஸ்' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எங்கள் தெருவில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு ஒன்றுதான்: ஊரில் ஒரு வீடு வாங்கிப் போட்டாயா?

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆசையென்று சொல்வதைவிடப் பயம் என்று சொல்லலாம்.

மங்களம் ரங்கூனிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பாவுக்குக்கூட மதராஸ் சின்ன வயதில் பார்த்த ஊர். வீட்டைப் பற்றிச் சொன்னதும் அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. இரண்டே இரண்டு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகுமா?"

"தெரியாது."

"பக்கத்து வீட்டுல நான் பேசற மாதிரி ஒரு பொம்பளை இருப்பாளா?"

"அதுவும் தெரியாது."

"ரெண்டையும் பார்த்துட்டு வாங்க. ரெண்டும் சரியா இருந்தா நான் வரேன். ஆனா வந்து உள்ளதைச் சொல்லணும்."

பெரியவன் ராஜு, கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவன், தன் பட்டுக் கைலியை மடித்துக்கொண்டே, "நீங்க போய்ப் பாருங்கப்பா" என்றான், ஏதோ அடுத்த வீட்டுக்காரர் பெண் பார்க்கப் போவது போல. சரசு கேட்டது வேறு. "அந்த வீட்டுக்குக் கீழே யார் இருப்பாங்க?" கீழே யாரும் இல்லை, அது தரையில் கட்டிய வீடு என்றேன். "கீழே யாருமே இல்லையா? அப்போ மேலே?" மேலே ஓடு என்றேன். மேலும் கீழும் ஆள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

புறப்படுகிற அன்று மங்களம் ஒரு மூட்டை கொடுத்தாள். துணியில் முடிந்த துவரம்பருப்பு, மஞ்சள், உப்பு, ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரம். ஊரில் பருப்பு கிடைக்காதா என்று சிரித்தேன்.

"அங்க இருக்கிற பருப்பு நல்ல பருப்பா இருந்து வெந்துட்டா, தண்ணியோட குணம் எப்படித் தெரியும்? இது நான் தினம் வேக வைக்கிற பருப்பு. எவ்வளவு நேரம் பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும்."

மரம் தரம் பிரிக்கிற உத்தியோகம் எனக்கு. எனக்கே இந்த யோசனை வரவில்லை. மூட்டையை முடிவதற்கு முன் அவள் உள்ளே போய் ஒரு தீப்பெட்டியையும் கொண்டுவந்து போட்டாள். "பூட்டின வீட்டுல நெருப்புக்கு எங்க போவீங்க?"

எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து வைக்கிறவள் அவள். அதுதான் வினையாகப் போயிற்று.

3

ஊரில் எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே உறவு தங்கை தாயாரம்மாள். திருநின்றவூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டில்தான் தங்கினேன். முதல் நாள் சாப்பிடும்போது "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணே?" என்று கேட்டாள். "ஹொக்கே" என்றேன். பர்மாவில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு திடீரென்று நிறுத்தி, "இன்னாண்ணே, எங்கயோ தொலைஞ்சு பூட்டியே" என்றாள். அவள் சிரித்தபோது இருந்ததைவிட நிறுத்தியபோதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கினேன். முன்பணம் கொடுத்தாயிற்று. பத்திரம் பதிவாவதற்கு முன் வீட்டை முழுக்கப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரில் பருப்பும் வேக வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. விற்கிறவர் நடேசன், பெரியவர். மனைவி போன பிறகு பெரம்பூரில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"வா தம்பி. பாரு. நல்லா தட்டிப் பாரு. அப்பால நட்டேசன் ஏமாத்திட்டான்னு கப்பல்ல போய் சொல்லாத."

நானும் தட்டித்தான் பார்த்தேன். குடையால் அறைகளை அளந்தேன். முற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அது தூம்பு வழியாக வெளியே போகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். போயிற்று. ஏணி வைத்து ஏறி ஓட்டைப் பார்த்தேன். மூன்று நான்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சுவரோரம் கரையான் மண் இருக்கிறதா என்று விரலால் தடவினேன். தரையில் துண்டை விரித்துச் சிறிது நேரம் படுத்து, முதுகில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தேன். நடேசனுக்குப் பொறுமை போய்விட்டது.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்படி பாக்க மாட்டான்யா. தூணைப் பாரு. தேக்கு. ஒங்க ஊரு தேக்குதான்."

அவர் சொல்லுமுன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். முற்றத்துத் தூண் இரண்டும் பர்மாத் தேக்கு. எத்தனையோ வருஷத்துக்கு முன் ரங்கூன் ஆற்றில் மிதந்து, கப்பலேறி, மதராஸில் இறங்கி இங்கே வந்து நின்றிருக்கின்றன. கையை வைத்தால் எங்கள் கிடங்கின் வாசனை வந்தது. ஊருக்குத் திரும்பி வருவதற்காக வீடு பார்க்க வந்தவனுக்கு, அந்த வீட்டிலேயே மிகவும் தெரிந்த முகமாக இருந்தது அந்தத் தூண்தான். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரிடம் சொல்வது இதை? நடேசனிடம் சொன்னால் விலையை ஏற்றியிருப்பார்.

பிறகு ஒவ்வொரு அறையாகப் போய் ஆட்களை வைத்துப் பார்த்தேன். கிழக்கு ஜன்னல் அறை மங்களத்துக்கு. பின்னறை ராஜுவுக்கு, அவன் கல்யாணம் ஆனால் அதுவே போதும். முற்றத்துப் பக்கம் சரசு படிக்கலாம். வைத்து முடித்து நிமிர்ந்தால் ஒருவரும் இல்லை. நடேசன் வாசலில் நின்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. சரசு கேட்டது சரியான கேள்விதான்.

"இனி பருப்புதான் வேக வச்சுப் பாக்கணும்" என்றேன்.

"தாராளமா பாரு. தண்ணி தேனு. ஆனா நான் குந்திகினு இருக்க முடியாது, எனக்கு வேலை கீது. சாவியை வச்சுக்கோ, சாயங்காலம் ஸ்டேஷன்ல வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

4

வீட்டில் நான் மட்டும். கிணற்று ராட்டினம் எண்ணெய் காணாமல் கத்தியது. தண்ணீர் இறைத்துப் பாத்திரத்தில் ஊற்றி, மங்களம் கொடுத்த பருப்பைக் கழுவிப் போட்டேன். நடேசன் வீட்டார் பழைய மண் அடுப்பை இடிக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். கொல்லையில் விறகுக்குக் குறைவில்லை. தென்னை ஓலையைக் கிழித்து அடியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை. வந்த புதிதில் ரங்கூன் விடுதியில் ஒன்பது பேருக்குச் சமைத்த கை இது, மறக்கவில்லை.

ஓட்டு இடுக்கு வழியாகப் புகை மேலே போயிற்று. நான் அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு, மங்களம் சொன்னபடி நுரை பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினேன், நடுவில் வெள்ளையாக நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவது தடவை எடுத்தது விரலில் வெண்ணெயாகக் கரைந்தது. ரங்கூன் குழாய்த் தண்ணீரில் பிடிக்கிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

"மங்களம், வெந்துடுச்சு!" என்று சத்தமாகவே சொன்னேன். சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது. யார் இருந்தார்கள் கேட்க?

ஒருவர் இருந்தார். கொல்லைச் சுவர் தாழ்வான சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்தவர், நெற்றி நிறையக் குங்குமம். நடேசன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கன்னியம்மா. கணவர் பிழைப்புக்கு அயனம்பாக்கம் பக்கம் போய் வருகிறவர். பகல் முழுதும் வீட்டில் தனியாக இருப்பவர்.

"ஏகாம்பரம்தானே நீ?"

"ஆமாங்க்கா."

"அடுப்பு எரியுதா?"

"நல்லா எரியுது. பருப்பு வெந்துடுச்சு. தண்ணி பிரமாதம்."

"அது வேவும். அதுக்கு இன்னா?" என்றார். பிறகு சுவரின் மேல் ஒரு உடைந்த சட்டியின் அடிப்பாகத்தை வைத்தார். அதில் சாம்பல். சாம்பலை விரலால் கொஞ்சம் விலக்கினார். உள்ளே நான்கைந்து தணல் சிவப்பாகக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் முதல் அடுப்பைத் தாங்களாக மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் நெருப்புக் கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் அடுப்பிலிருந்து எடுத்துத் தருவார்கள். அதை ஏந்திக்கொண்டு வந்து மூட்டினால்தான் அந்த அடுப்பு அந்தத் தெருவில் சேர்ந்த அடுப்பு. தீப்பெட்டி வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் இந்த ஒரு நெருப்பு மட்டும் கேட்டுத்தான் வாங்குவார்கள். எங்கள் அம்மாவிடம் இப்படி வாங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். பிறந்து வளர்ந்த தெருவின் வழக்கம், எனக்கு மறந்தே போய்விட்டது.

5

"காலைல நட்டேசன் வந்து சொல்லிச்சு, வாங்கறவரு வந்து பருப்பு போட்டுப் பாப்பாருன்னு. செரி, நெருப்பு கேட்டு வருவேன்னு எடுத்து மூடி வச்சிகினு ஒக்காந்திருந்தேன். கூரைல பொகை வந்துச்சு. நீ வரல."

"மறந்துட்டேங்க்கா. ரங்கூன்ல எல்லாம் தீப்பெட்டிதான். பொஞ்சாதி மூட்டையில வச்சு அனுப்பிட்டா."

"அவ நல்லதுக்குத்தான் வச்சிருப்பா" என்றார் கன்னியம்மா. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தணலின் மேல் சாம்பலைத் திரும்ப மூடிக்கொண்டே, "நீ குடி வர மாட்ட நைனா" என்றார்.

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க? வரத்தானே வாங்கறேன்?"

"குடி வர்றவன் மொதல்ல அண்டை ஊட்டைப் பாப்பான். நீ ஓட்டைப் பாத்த, தூணைத் தட்டன, தரையில படுத்துப் பாத்த. நான் இங்கதான் நின்னுகினு இருந்தேன் காலைலருந்து. இந்தப் பக்கம் ஒரு தாட்டி தல தூக்கிப் பாக்கல."

உண்மை. மங்களம் கேட்ட இரண்டு கேள்வியில் இரண்டாவது கேள்வி என் கண் முன்னாலேயே, சுவருக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அதற்குள் எனக்கு ஒரு பதற்றம் பிடித்துக்கொண்டது. எப்படியாவது இந்த அம்மாளை மங்களத்துக்காகச் சம்பாதித்துவிட வேண்டும். உள்ளே ஓடி, வெந்த பருப்பில் உப்புப் போட்டுக் கலக்கி, பித்தளைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து நீட்டினேன்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க்கா."

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உன் பொஞ்சாதி பேசுவாளா நல்லா?"

"ஓயாம பேசுவா."

"அப்ப அவளை இட்டுகினு வா. அவ கையால குடுக்கட்டும், துன்றேன். எனக்கும் பேச ஆள் இல்லாம வாய் அடைச்சிகினு கீது. நட்டேசன் பொஞ்சாதி பூட்டப்புறம் இந்தச் சொவருதான் எனக்கு" என்று சொல்லிவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் பருப்பை நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு இல்லை. ரசம் இல்லை. எனக்குச் சொந்தமாகப் போகிற வீட்டில், அதன் கிணற்றுத் தண்ணீரில் வெந்த முதல் சாப்பாடு. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் சாப்பிட்டதில், பாதிக்கு மேல் இறங்கவில்லை.

6

பத்திரப் பதிவு இரண்டு நாள் கழித்து. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மர நிழலில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். எழுதியதை ராகம் போட்டுப் படித்துக் காட்டினார். 'ரங்கூன் பட்டணத்தில் குடியிருக்கும்' என்று என் பெயருக்கு முன்னால் வந்தது.

"அம்பத்தூர்னு போடுங்க" என்றேன்.

"அம்பத்தூர்ல எங்க கீற?"

"இனிமே இருக்கப் போறேன்."

"போறதெல்லாம் பத்திரத்துல எழுத முடியாது சாமி. இன்னிக்கு எங்க துன்ற, எங்க தூங்கற, அதான் எழுதணும்."

ரங்கூன் கச்சேரியில் நான் மதராஸ்காரன். இங்கே ரங்கூன்காரன். இரண்டு ஊர்க் குமாஸ்தாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஆனாலும் பேசி வைத்துக்கொண்டது போலத்தான் எழுதுகிறார்கள். உள்ளே அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையெழுத்து, பெருவிரல் ரேகை. விரலிலிருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடேசன் என் தோளைத் தட்டி, "வூடு உன்னுது" என்றார். சாவி கைக்கு வந்தது.

மறுநாள் எனக்குக் கப்பல். ஆனால் நேரே திருநின்றவூருக்குப் போக மனம் வரவில்லை. அம்பத்தூருக்கு வந்து, புது வீட்டுக் கொல்லையில் கிடந்த ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவின் வாசலில் போய் நின்றேன். பட்டணத்து உத்தியோகஸ்தன், கையில் உடைந்த ஓடு. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"அக்கா, நெருப்புக் கொஞ்சம் குடுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இட்டாந்துட்டியா பொஞ்சாதிய?"

"இல்லைக்கா. அவ ரங்கூன்லதான் இருக்கா."

"இன்னா சமைக்கப் போற?"

"ஒண்ணும் இல்லை. சும்மா, முறைக்கு..."

"சும்மாவுக்கு நெருப்பு குடுப்பாங்களா நைனா?" என்றார். குரலில் அத்தனை கனிவு. "அடுப்புல ஒலை வச்சுட்டு வா. அப்ப தரேன். வெத்து அடுப்புக்கு நெருப்பு வாங்கிப் போய் இன்னா பண்ணுவ? நீ இந்தாண்ட கதவைப் பூட்டுவ, அது அந்தாண்ட அணைஞ்சிடும்."

ஓட்டுத் துண்டைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு தங்கை வீட்டில் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படுத்தேன். வீடு வாங்கிய சந்தோஷம் என்று தாயாரம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

7

ரங்கூனுக்கு வந்ததும் மங்களத்திடம் உள்ளதைச் சொன்னேன். பருப்பு வெந்ததைச் சொன்னேன். தூணைச் சொன்னேன். கன்னியம்மாவைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"அந்த அம்மா ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருந்தாங்களா?"

"காலையிலிருந்து."

நறுக்கிய காயைத் தட்டில் தள்ளிவிட்டு, "தீப்பெட்டியை வச்சது நான்தானே" என்றாள். அப்புறம், "நானா இருந்தாலும் குச்சியைத்தாங்க கிழிச்சிருப்பேன். கேக்கணும்னே எனக்குத் தோணியிருக்காது. அந்த ஊர்ல இன்னும் என்னென்ன கேக்கணுமோ" என்றாள்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ராஜுவுக்கு வேலை நிரந்தரமாகட்டும், சரசு படிப்பை முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அந்தப் பேச்சு நின்றது. பூட்டிய வீட்டில் கரையான் ஏறும் என்று தங்கை சொல்லி அனுப்பியதால் வாடகைக்கு விடச் சொன்னேன். ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் வில்லிவாக்கத்துக்காரர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். தாயாரம்மாள் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருந்தாள். அதோடு வாய்மொழியாகக் கன்னியம்மாவின் சேதி ஒன்று. அவர் மறக்காமல், அந்த அம்மாள் சொன்ன மாதிரியே சொன்னார்:

"குடி வந்தவங்க அன்னிக்கே நெருப்பு கேட்டு வாங்கினு பூட்டாங்கன்னு சொல்லு. ஆனா ஏகாம்பரம் பொஞ்சாதிக்கு வச்சிருக்கறது அப்படியே கீதுன்னு சொல்லு."

மங்களம் அதைக் கேட்டு உள்ளே போய்விட்டாள்.

இதுதான் கதை. இன்று காலை சரசுவை நான் ஏன் தடுத்தேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். இந்த மூன்றாவது மாடிக்கு வந்து பதினாறு வருஷம். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் யாரிடமும் போய் நெருப்புக் கேட்டதில்லை. தீப்பெட்டியிலேயே காலம் போயிற்று. அதை நான் ஒரு கணக்காக வைத்திருந்தேன். கேட்காத வரைக்கும் நாங்கள் இங்கே தங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். குடி வரவில்லை.

கடை திறக்கவில்லை. மழை விடவில்லை. குடையைத் தேடி எடுத்துக்கொண்டு நான் கிளம்புவதற்குள் படிக்கட்டில் சரசுவின் காலடி கேட்டது. கீழே போயே வந்துவிட்டாள். கையில் காலிப் பால் டப்பா, அதில் பழந்துணி சுற்றிப் பிடித்திருந்தாள். உள்ளே தணல். மா சேன் அதன்மேல் ஒரு கை கரியும் போட்டு அனுப்பியிருந்தாள், மழைக்காலம், வைத்துக்கொள்ளுங்கள் என்று. படிக்கட்டின் அடியில் நின்று அவள் ஏதோ கேட்க, சரசு மேலிருந்தே பர்மிய மொழியில் பதில் சொல்லிச் சிரித்தாள். அப்படி அவள் தமிழில் சிரித்து நான் பார்த்ததில்லை.

மங்களம் தணலை அடுப்பில் கொட்டி ஊதினாள். கரி மெல்லச் சிவந்தது. ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தாங்க நாம குடி வந்திருக்கோம்" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது.

டீ வந்தது. ராஜுவும் சரசுவும் மங்களமும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குடித்தார்கள். நான் என் குவளையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அம்பத்தூரில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதன் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வேகும். இந்த வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.